வெயிலுக்கு அளவெடுத்த டெய்லர்

சூரியனைப் பார்த்து "அங்கேயே நில்லு" என்று ஒருவர் சொல்லி, அது நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் ஓசூரில் யாருக்கும் தெரியாது. என் செல்போனிலும், என் மனைவி செல்வியின் செல்போனிலும், எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை செல்போனிலும் அவர் 'வெயில் டெய்லர்'தான். சட்டை தைக்க மாட்டார். ஜாக்கெட் தைக்க மாட்டார். யாராவது பேண்ட் துணியோடு போனால், நடமாடுகிற பொருளுக்குத் தான் தைப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஜன்னலுக்கு மட்டும்தான் தைப்பார். அதிலும் ஜன்னலை அப்புறம்தான் அளப்பார். முதலில் அதன் வழியாக வருகிற வெயிலை அளப்பார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல, பயந்துபோய். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து மெஷினில் நிற்க விட்டதே பெரிய விஷயம். பெர்மனென்ட் லிஸ்ட் தயாராகிற நேரத்தில்தான் தொடர்ந்து மூன்று மாதம் சி ஷிப்ட் போட்டார்கள். ராத்திரி முழுக்க வேலை, காலை ஏழேகாலுக்கு வீடு. எட்டு மணிக்குப் படுத்தால், கிழக்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் வந்து என் இமைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பகலில் தூக்கம் போனதால், மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கினேன். சூபர்வைசர் இரண்டு தடவை பிடித்துவிட்டார். மூன்றாவது தடவை பிடித்தால் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று கோபமே இல்லாமல் சொன்னார். கோபம் இல்லாமல் சொன்னதால்தான், சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது.

ஒரு ஸ்கிரீன் மாட்டினால் தீர்ந்தது என்பீர்கள். எங்கள் வீட்டு ஓனரை நீங்கள் பார்த்ததில்லை. வாடகைக்குக் கேட்டுப் போனபோது எத்தனை பேர், என்ன சாப்பிடுவீர்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஆணி அடிப்பீர்களா என்று மட்டும்தான் கேட்டார். சுவரை அவர் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாமி படங்கள் எல்லாம் அலமாரியில் சாய்ந்துதான் நிற்கும். காலண்டர் பீரோ கைப்பிடியில் தொங்கும். முன்பு குடியிருந்தவர் கடிகாரத்துக்கு ஒரே ஒரு ஆணி அடித்துவிட்டு, அன்று சாயங்காலமே வேறு வீடு தேட ஆரம்பித்தார் என்று கேள்வி.

அதனால் முதலில் ஜன்னல் கம்பியில் அட்டைப்பெட்டியைச் செருகினேன். காற்று நின்று வீடு அடுப்பாகிவிட்டது. அடுத்து ஆன்லைனில் ஒரு கறுப்புத் துணி வரவழைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் ஒட்டினேன். காலை பத்து மணிக்கு அது கழன்று என் முகத்தில் விழுந்தது. மெஷின் என் மேல் சாய்ந்துவிட்டது என்று நினைத்து, அரைத்தூக்கத்தில் எமர்ஜென்சி பட்டனைத் தேடி, பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த செல்வியின் மூக்கைப் பலமாக அமுக்கிவிட்டேன். மறுநாள் காலை நான் வேலை முடிந்து வரும்போது, செல்வி போன் போட்டு வரவழைத்த வெயில் டெய்லர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேப்பனப்பள்ளிக்காரர். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு துணிப்பை, மதியச் சாப்பாட்டு டப்பா, இவ்வளவுதான் அவர் சாமான். மூன்று மாநிலமும் முட்டிக்கொள்கிற ஊர்க்காரர் என்பதால் மனுஷரோடு தமிழில் பேசுவார், கணக்கைத் தெலுங்கில் போடுவார், வெயிலைக் கன்னடத்தில் திட்டுவார். வாங்க என்றுகூடச் சொல்ல விடாமல் எந்த ஷிப்ட் என்று கேட்டார். சி என்றேன்.

"படு."

"இப்பவாங்க?"

"தூங்குற ஆளு இல்லாம எப்பிடி தம்பி அளவெடுக்கிறது? உருளாத. நீ உருண்டா என் கணக்கும் உருண்டுரும்."

படுத்தேன். அவர் என் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு எட்டு மணியிலிருந்து உச்சிவேளை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வெயில் எங்கெங்கே விழுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். தரையில், தலையணையில், ஒரு தடவை என் தாடையில். நடுநடுவே வெயிலைப் பார்த்து "ஹோகு, ஹோகு" என்று மாட்டை விரட்டுகிற மாதிரி விரட்டினார். "எட்டரைக்குக் கண்ணு. ஒம்பதரைக்கு நெஞ்சு. பத்தரைக்கு முட்டி" என்று அவர் வாசித்தபோது, என் மேல் போலீஸில் கேஸ் எழுதுவது போலிருந்தது. ஒரு மனிதர் நாலு மணி நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? அன்றைய தூக்கமும் போயிற்று. சூபர்வைசர் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

துணி தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய சண்டை. செல்வி ஏற்கெனவே கடைக்குப் போய் மயில் கழுத்து நிறத்தில் பெரிய பெரிய பூப் போட்ட துணி ஒன்றைப் பார்த்து, அரை மீட்டர் மாதிரிக்கு வாங்கியும் வைத்திருந்தாள். கடை டியூப் லைட்டில் துணி பொய் சொல்லும், ஜன்னலில் மாட்டினால்தான் உண்மையைக் கக்கும் என்பது டெய்லரின் கட்சி. அந்தத் துணியைக் கிளிப் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினார். வெயில் அதன் வழியாக வந்து, படுத்திருந்த என் மேல் பச்சையும் நீலமுமாக விழுந்தது.

"வந்து பாரும்மா. ஆளு கெணத்துல வுழுந்து மூணு நாளான மாதிரி இருக்கான்."

செல்வி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல, "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நான் "ம்" என்றதும்தான் டெய்லர் பக்கம் திரும்பினாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மூணு வருஷமா இந்த வீட்டுச் செவுத்துல ஒரு படம் மாட்ட முடியலண்ணா. ஜன்னல்லயாச்சும் நாலு பூ இருக்கட்டும்."

டெய்லர் அதுவரைக்கும் ஜன்னலைத் தவிர எதையும் பார்க்காதவர். முதல்முறையாகத் திரும்பி வெறும் சுவர்களைப் பார்த்தார். அலமாரியில் சாய்ந்திருந்த முருகனைப் பார்த்தார். பீரோவில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு, வெயிலுக்குப் பிடித்தது வெயில் பக்கம், உனக்குப் பிடித்தது உன் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்ப கெட்டி வெள்ளைத் துணி, நடுவில் கறுப்பு, வீட்டுப் பக்கம் செல்வியின் மயில் கழுத்துப் பூ. கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும்.

எல்லாம் சரி, இதை எதில் மாட்டுவது? நாலு நாள் இதே கவலையில் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் திரையோடு இரண்டு மரக்கட்டைகளையும் கொண்டுவந்தார். கட்டைகளுக்கு நடுவில் ஒரு நீளமான போல்ட், அதில் ஒரு நட்டு. நட்டைத் திருகினால் கட்டைகள் இரண்டும் விலகி, ஜன்னல் குழியின் இரண்டு பக்கச் சுவரையும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பெயிண்டில் தடம் விழாமல் இருக்க முனைகளில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். மெஷினோடு பிழைக்கிறவன் நான். அந்த நட்டு இறுகிய சத்தத்திலேயே எனக்குப் பாதி தூக்கம் வந்துவிட்டது. கட்டையில் திரையை மாட்டி இறக்கிவிட்டு, அவர் சூரியனைப் பார்த்து "அங்கேயே நில்லு" என்றார்; அது ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம். டெய்லர் கட்டையோடு மாடி ஏறியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓனர் வந்துவிட்டார்.

"ஆணி எல்லி? எங்கப்பா அடிச்சீங்க?"

"தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டெய்லர் தன் ஸ்டூலை அவரிடம் நகர்த்திப் போட்டார்.

ஓனர் ஏறினார். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரை விரலால் தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். நல்ல சரீரம் அவருக்கு. சந்தேகம் தீராமல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஸ்டூல் நழுவிவிட்டது. அடுத்த நொடி எங்கள் ஓனர், மயில் கழுத்துப் பூக்களுக்கு நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கட்டை இம்மி அசையவில்லை.

டெய்லர் ஸ்டூலை நிதானமாக எடுத்து, தூசி தட்டி, அவர் காலுக்கடியில் வைத்தார். இறங்கிய ஓனர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, திரையை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நம்ம வீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

"ஒங்க வீட்ல பகல்ல யாரு தூங்குறது?"

"யாரும் இல்ல."

"அப்ப எதுக்கு? வெயிலு வந்துட்டுப் போவட்டும் வுடுங்க. அது வேணாங்கிற வீடு எனக்கு இன்னும் நெறைய பாக்கி இருக்கு."

மூன்று வருடத்தில் ஓனரிடம் ஒருவர் முடியாது என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். செல்வி டெய்லருக்குப் பால் கொஞ்சம் தாராளமாக விட்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் லிஸ்டில் என் பெயர் வந்தது. அந்த மாதம் முழுக்க ஒரு கொட்டாவிகூட விடாததைப் பார்த்து, எந்த டாக்டரிடம் காட்டினாய் என்று சூபர்வைசர் கேட்டார். டெய்லரிடம் காட்டினேன் என்றேன். நம்பவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது லிஸ்டைப் பற்றி அல்ல, அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி.

திரை மாட்டிய மறுநாள், காலை எட்டு மணிக்குப் படுத்தவன் சாயங்காலம் நாலரைக்குத்தான் கண் விழித்தேன். கனவு இல்லை, புரளல் இல்லை. முதலில் பயந்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கேஸ்காரர் சிலிண்டரைத் தட்டவில்லை. வெங்காய வண்டி மைக்கில் கூவவில்லை. ஊரையே காலி செய்துவிட்டார்களோ என்று எழுந்து வெளியே வந்தால், வாசலில் செல்வி உதட்டில் விரல் வைத்து நின்றாள்.

காலையிலிருந்தே டெய்லர் எங்கள் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தாராம். முதல் நாள் தூக்கம் கெட்டால் திரைமேல் பழி விழும் என்று சொன்னாராம். கேஸ்காரரின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டு, தெருவைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வெங்காய வண்டியின் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, வண்டிக்காரருடைய வியாபாரம் கெடக்கூடாதே என்று, தானே வீடு வீடாகப் போய்க் கதவருகே நின்று "வெங்காயம் வந்திருக்குதும்மா" என்று ரகசியம் மாதிரி சொல்லியிருக்கிறார். அன்று வெங்காயம் சீக்கிரமே தீர்ந்துவிட்டதாம்.

எட்டிப் பார்த்தேன். நாலாவது படியில், சுவரில் தலையைச் சாய்த்து, வாய் திறந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேற்கு வெயில் முழுசாக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் இறங்கிப் போய், வெயிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். அவராக எழுந்திருக்கிற வரைக்கும் நகரவில்லை.