மாடியிலிருந்து பெயர் சொல்பவர்

பறவையைப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்கிறவர்கள் ஒரு வகை. பெயரைச் சொல்லிவிட்டுப் பறவையைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில், திருவண்ணாமலையில் கிடைத்த அசல் சரக்கு குமாஸ்தா அப்பாதுரை.

எண்பத்து மூன்றாம் வருஷம், செங்கம் ரோட்டில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பைனாகுலர் கழுத்தில் ஏறியதிலிருந்து அவர் தலை குனிந்ததே இல்லை. சாணியை மிதித்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் மிதிப்பார். ஐப்பசி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வடக்கேயிருந்து வரும் பருந்துகளெல்லாம் அவர் வீட்டு மாடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மலையைத் தாண்டுகின்றன என்பது போலப் பேசுவார். "வரும்னு நேத்தே சொன்னேன்ல?" பறவை வராவிட்டால்? "காத்து சரியில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சகா காசியை மாடி வெயிலில் நிறுத்தி, தகைவிலான், பஞ்சுருட்டான் என்று ஒவ்வொரு பறவையாகக் காலையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். காசிக்குத் தெரிந்ததெல்லாம் புள்ளிகள்தான். பதினோரு மணிக்கு ஒரு புள்ளி பெரிதாகி வட்டமிட்டது. கீழே தாய்க்கோழி கத்தியது. மகளின் பிரசவத்துக்கென்று ஏழு குஞ்சுகள் வளர்த்துவந்த கீழ்வீட்டு ஜோதியம்மாள் கூடையோடு ஓடிவந்தாள்.

"சார், பிராந்து சுத்துதுங்க. கூடைய கவுத்துடட்டுங்களா?"

தன்னையும் ஒருத்தி கேட்டுவிட்டாளே! அப்பாதுரைக்குத் தலைகால் புரியவில்லை.

"தேவையே இல்லம்மா. அது பூனைப்பருந்து. இமயமலைக்கு அந்தாண்டருந்து வருது. தவளை, வெட்டுக்கிளிதான் தின்னும். கோழிக்குஞ்சுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? ஜோதியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். வைத்ததுதான் தாமதம், விர்ரென்று ஒன்று இறங்கி ஏறியது. ஏழு ஆறாயிற்று.

"வல்லூறு சார் அது. எங்க ஊர்ல தெனம் வரும்," என்றான் காசி, மெதுவாக.

ஜோதியம்மாள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "கோழிக்குத் தெரிஞ்சிருக்குது. அத வுட்டுட்டு உங்களக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அப்பாதுரைக்கு முகம் செத்துவிட்டது. ஜோதியம்மாளைப் பார்க்க உண்மையிலேயே பாவமாக இருந்தது. 'தப்புதாம்மா' என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, பறவைக் கணக்கு எழுதும் நோட்டைத் திறந்தார். 'பூனைப்பருந்து' என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. பக்கத்தில் நிதானமாகச் சேர்த்தார்: 'கோழிக்குஞ்சும் தின்னும். புதிய கண்டுபிடிப்பு.'

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், 'வல்லூறு அப்படியா வட்டமிடும், இந்தக் கதை எழுதினவருக்கு என்ன தெரியும்' என்று நடுவில் எங்காவது உங்கள் உதடு அசைந்திருந்தால், தயவுசெய்து கோழி வளர்க்கிற வீட்டுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.