சாவா, சிக்காகோவா?

அமெரிக்காவைப் பற்றிச் சிக்காகோ அண்ணனுக்குத் தெரிந்த அளவு அமெரிக்காவுக்கே தெரியாது. இதை நான் ஹாலிஎல பஸ் நிலையத்தில் நின்று உரக்கச் சொல்லத் தயார். ஒரே ஒரு குறை, அவருடைய அமெரிக்கா நூறு வருஷத்துக்கு முன்பே நின்றுபோய்விட்டது. அங்கே இன்னும் டெலிவிஷன் வரவில்லை. ஆண்கள் எல்லாரும் தொப்பி போட்டிருக்கிறார்கள், பெண்கள் எல்லாரும் ஜன்னலோரம் காத்திருக்கிறார்கள், எவனைப் பார்த்தாலும் ரயிலேறி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான். இப்போது அங்கே யார் ஜனாதிபதி என்று கேட்டால், "அதெல்லாம் புது விசயம் தங்கச்சி" என்று கையை வீசிவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் எங்காவது இருக்கும். த்ரீவீலரின் முதுகில் 'சிக்காகோ சவுண்ட்ஸ்' என்று எழுதியிருந்ததால் ஊருக்கு அவர் சிக்காகோ. கோபம் வந்தால் அவருடைய மனைவி புஷ்பம் அக்காவே "இந்தச் சிக்காகோ இருக்கே..." என்றுதான் ஆரம்பிப்பார். கொழும்பைக்கூட அண்ணன் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறார். தான் வாசிக்கும் பேஞ்சோ வாத்தியத்துக்குக் கம்பி வாங்கப் போனவர், கிடைத்ததும் அடுத்த ரயிலில் ஏறிவிட்டார்.

தொழில், ஸ்பீக்கர் செட் வாடகை. கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு, இழவு எதுவானாலும் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவர் பெட்டிதான் அலறும். அடித்தால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர், தான் பாடும்போது மட்டும் மைக்கைத் தொட மாட்டார். எண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டிய ஒரு கூம்பைக் கம்பி வளையத்தில் கழுத்தோடு மாட்டி, வாயில் வைத்துக்கொண்டு பாடுவார். காரணம் கேட்டால், அந்தப் பாட்டெல்லாம் மைக் வருவதற்கு முந்தியது, மைக்கைக் காட்டினால் மிரண்டுவிடும் என்பார், ஏதோ கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

பாட்டுகள் அவருக்குக் கிடைத்தது தொரை பங்களாவைப் பழுதுபார்த்தபோது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன இசைத்தட்டுகளைக் குப்பையோடு கொட்டியிருக்கிறார்கள். பெட்டி செய்யப் பலகை பொறுக்கப் போன அண்ணன், பலகையை விட்டுவிட்டுத் தட்டுகளைச் சுமந்து வந்தார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். அதற்குப் பிறகு பழைய சாமான் கடைகளில் வாங்கியது, போனில் தேடிப் பிடித்தது என்று சேர்ந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவருடைய காம்பராவில் பாதியைத் தட்டு அலமாரி அடைத்துக்கொண்டது.

என்னைத் தேடி அவர் வந்தது டியூட்டரிக்கு. நான் அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒங்ககிட்ட வயலின் இருக்காமே?"

"ஸ்கூல்ல கர்நாடக சங்கீதந்தான் அண்ணே கத்துக்கிட்டேன்."

"பரவால்ல டீச்சர். மறந்துறலாம்."

மறந்தேன். இப்படித்தான் 'டீச்சர்' ஒரு மாதத்தில் 'தங்கச்சி' ஆனது. கூட்டத்தின் மூன்றாவது ஆள் கிட்டண்ணன். தோட்டத்தில் யார் செத்தாலும் தப்படிக்கிறவர் அவர்தான். அண்ணனுடைய பேஞ்சோவைச் செய்ததும் அவர்தான், பலாமரக் கழுத்து, தப்புக்குக் கட்டுகிற அதே தோல். கொழும்பில் பிளாஸ்டிக் தோல் கிடைக்கும் என்று நான் ஒருமுறை சொல்லப்போய், அன்று முழுக்க அண்ணன் என்னோடு பேசவில்லை. அந்தக் காலத்துப் பாட்டுக்கு அந்தக் காலத்துத் தோல். பாட்டு விஷயத்தில் அவர் அவ்வளவு கறார். ஒரு வரியில் நான் ஒரு சுரத்தை இழுத்தாலும் நிறுத்திவிடுவார்.

"எழுதுனவன் செத்துட்டான் தங்கச்சி. அவன் வந்து திருத்த மாட்டான். நாமதான் யோக்கியமா இருக்கணும்."

எங்கள் மலைப் பனிக்கு அந்தத் தோல் நமத்த அப்பளம்போல் தொங்கிப்போகும். அதனால் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் கிட்டண்ணன் வாசலில் காய்ந்த ஓலையையோ பழைய பேப்பரையோ கொளுத்தி, தப்பைக் காய்ச்சுவதுபோலவே பேஞ்சோவையும் காய்ச்சி விறைப்பாக்குவார்.

எங்கள் முதல் கல்யாணக் கச்சேரி அதில்தான் போயிற்று. மண்டப வாசலில் கிட்டண்ணன் குனிந்து நெருப்பு மூட்டுவதைப் பெண்ணின் பெரியப்பா பார்த்துவிட்டார். தோட்டத்தில் கிட்டண்ணன் தோலைக் காய்ச்சினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தணிந்த குரலில் "யாரு?" என்றார். தோலில் காதை வைத்துக்கொண்டிருந்த கிட்டண்ணன், யார் பாடப்போகிறார்கள் என்று கேட்பதாக நினைத்து மண்டபத்துக்குள் கையைக் காட்டினார். கை நீண்ட திசையில் மாப்பிள்ளையின் தாத்தா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி எடுத்த பிறகுதான் தாத்தா விழித்து, யாருக்காக அழுகிறார்கள் என்று விசாரித்து, விவரம் புரியாமலே தானும் அழ ஆரம்பித்தார். கச்சேரி நடக்கவில்லை.

தோல் சரியாக அமைந்த இடங்களில் அண்ணனே கெடுத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குப் பாட்டின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பாட்டு ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம். கதை, உலை வைத்துச் சோறு இறக்குகிற நேரம். கதாநாயகன் தொப்பி வாங்கிய கடையிலிருந்து ஆரம்பிப்பார். அவன் ரயிலில் ஏறுவதற்குள் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள். இலை போட்டபின் எந்த அமெரிக்கனுக்காகவும் தமிழன் உட்கார்ந்திருக்க மாட்டான். மிஞ்சியவர்களுக்குப் பாட ஆரம்பித்தால், முதல் சரணத்திலேயே யாராவது வந்து, "அண்ணே, சினிமாப் பாட்டு ஒன்னு போடுங்க, பிள்ளைங்க ஆடணுமாம்" என்பார்கள். ஒரு பாட்டைக்கூட அவர் முடித்ததில்லை.

அப்புத்தளையில் ஒரு ஹோட்டலில் வாய்ப்புக் கிடைத்தபோது, விருந்தாளிகளில் நிஜமான அமெரிக்கர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அண்ணன் தன்னிடம் இருந்த வேட்டிகளிலேயே வெள்ளையானதைக் கட்டிக்கொண்டு வந்தார். வெளியே பனி கொட்டியதால் கிட்டண்ணன் உள்ளேயே ஒரு மூலையில் பேப்பரைக் கொளுத்தினார். கூரையிலிருந்த தீயெச்சரிக்கை மணி அலற, எல்லாரும் புல்வெளிக்கு ஓடினார்கள். அமெரிக்கர் மட்டும் மகிழ்ச்சியாக நெருப்பைப் படம் எடுத்தார். அண்ணன் அவரைப் பிடித்து, தான் பாட இருந்த பாட்டை வாயால் முனகிக் காட்டினார். அப்படி ஒரு பாட்டைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை என்றார் அவர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் அந்தப் பாட்டையே முனகிக்கொண்டு வந்தார். ஹாலிஎலவை நெருங்கியபோது த்ரீவீலரை ஓரங்கட்டினார்.

"அவன் அமெரிக்காக்காரன் இல்ல தங்கச்சி. பொய் சொல்றான்."

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு முடிவு காத்திருந்தது. மகள் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும், படிக்க ஒரு மேசை போட இடமில்லை, அலமாரி நிற்கிறது. புஷ்பம் அக்கா சத்தம் போடுகிறவர் அல்ல. என்னையும் கிட்டண்ணனையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் அநியாயம் பேசல. தீவாளிக்குள்ள எங்கயாவது ஒரு இடத்துல, ஒரே ஒரு பாட்டை, தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் நம்ம சனங்க உக்காந்து கேக்கட்டும். கேட்டா அலமாரி இருக்கட்டும். இல்லன்னா போத்தல் பேப்பர்காரரு வந்து எல்லாத்தையும் எடைக்கு எடுத்துட்டுப் போவாரு."

அண்ணன் சம்மதித்தார். வேறு வழியும் இல்லை.

தீபாவளிக்கு முன் மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் மழை என்றால் முதல் நாள் மழை, இரண்டாம் நாள் பயம். லயத்துக்கு மேலே மண்ணில் வெடிப்புக் கண்டிருக்கிறது என்று கிராம சேவகர் வந்து சொல்ல, எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றினார்கள். நானும் உதவிக்குப் போயிருந்தேன், வயலினும் தோளில் இருந்தது. சனங்கள் அடையாள அட்டை, நகை, பிறப்புச் சான்றிதழ் என்று கையில் பிடித்து வந்தார்கள். புஷ்பம் அக்கா மகளின் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அண்ணன் பேஞ்சோவையும் டின் கூம்பையும் கொண்டுவந்தார். அலமாரி மலைக்குக் கீழேயே நின்றது.

கரண்ட் போய்விட்டது. போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மூன்றாம் நாள் சாயந்தரம் பிள்ளைகள்கூட விளையாடவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபடியே திடீரென்று நிறுத்தி, மலைப்பக்கம் காதைக் கொடுப்பார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். மண்சரிவில் லயங்களே புதைந்துபோன மீரியபெத்த என்ற பெயரை யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் கிட்டண்ணனின் காதில் ஏதோ சொன்னார். கிட்டண்ணன் எழுந்து, மண்டபத்தின் கடைசியில் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்புக்குப் போனார். குனிந்து தோலை நெருப்பில் காட்டினார்.

மண்டபம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிட்டுப் பழகிய கங்காணியார் ஒருவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"யாரு கிட்டா?"

கிட்டண்ணன் பதறிப்போய் பேஞ்சோவை உயர்த்திக் காட்டினார். "யாரும் இல்லீங்க. யாரும் இல்ல. சிக்காகோ பாடப்போறாரு."

பிறகு அந்த அகப்பைப் பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்தச் சிரிப்பு மண்டபத்தைச் சுற்றி வந்தது. "நாசமாப் போற சிக்காகோ, உசிரே போச்சு" என்று நாலு பக்கமிருந்தும் திட்டினார்கள். திட்டியவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் கதையை ஆரம்பித்தார். வீட்டை விட்டுப் பிழைக்கப் போன ஒருத்தன். ஊருக்குத் திரும்புகிற வழியில் மழை பிடித்து ஒரு ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டான். ரயில் வரவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறதா என்று தெரியவில்லை. நான் வழக்கம்போல வாசலைப் பார்த்தேன், யார் முதலில் எழுந்து போவார்கள் என்று. யாரும் போகவில்லை. போக இடமும் இல்லைதான். ஆனால் கேள்வி கேட்டார்கள். அண்ணனிடம் யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"அவன் வீடு மலைக்குக் கீழயாப்பா?" என்றார் கங்காணியார்.

அந்தப் பாட்டில் மலையே கிடையாது. அது சமவெளி, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சோளம். ஒரு சுரத்துக்காக என்னோடு நாள்கணக்கில் சண்டை போட்டவர் கூம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆமாங்க. மலைக்குக் கீழதான்."

பிறகு பாடினார். மழை தகரத்தில் அடித்தது. மைக் இல்லை, கரண்ட் இல்லை, அந்த மாகாணத்திலேயே அப்போது கச்சேரி செய்யக்கூடிய ஒரே பாடகர் அவராகத்தான் இருந்திருப்பார். டின் கூம்பு அந்தக் குரலைக் கடைசிப் பாய் வரைக்கும் கொண்டுபோனது. பாதியில் தோல் மறுபடி தொங்கி, பேஞ்சோ தகரம் தட்டுவதுபோல் ஆயிற்று. அண்ணன் கை தானாக நின்றது. காய்ச்சப் போனால் பாட்டு அறுந்துவிடும். அடுப்புப் பக்கமிருந்து புஷ்பம் அக்காவின் குரல் வந்தது.

"நிறுத்தாதீங்க. அந்தப் பேஞ்சோவக் கீழ வச்சிட்டுப் பாடுங்க."

பேஞ்சோவை வைத்தார். கிட்டண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தட்டினார். நான் வயலினில் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கடைசி வரி வந்தது, போனது. பாட்டு முடிந்துவிட்டது. முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. கூம்பை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அவன் வீடு போய்ச் சேந்தானா?" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

அந்த மண்டபத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள் முழுசாகப் புரிந்தவர்கள் அண்ணனும் நானும்தான். பாட்டில் ரயில் வருவதே இல்லை. அண்ணன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து வயலின் வில்லைத் தளர்த்த ஆரம்பித்தேன்.

"சேந்துட்டான். வெளக்கு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு."

இரண்டு நாள் கழித்து லயத்துக்குத் திரும்பினோம். ஒரு குசினிச் சுவரும் கொஞ்சம் வேலியும் போயிருந்தன. அலமாரி இருந்தது. புஷ்பம் அக்கா சொன்ன சொல் தவறவில்லை, ஆனால் மேசையையும் விடவில்லை. அலமாரியைப் பிரித்து, தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, மேலே பலகை போட்டு மேசையாக்கினார். மகள் கணக்குப் பாடம் முழுவதையும் அமெரிக்காவின் மேல் வைத்துத்தான் செய்தாள்.

பாட்டின் கதையை ஏன் மாற்றினீர்கள் என்று நான் அப்புறம் ஒருநாள் கேட்டேன். எழுதியவன் அந்த மண்டபத்தில் இருந்திருந்தால் அவனும் மாற்றியிருப்பான் என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை. மறுநாளே ஒரு சுரத்துக்காக என்னைத் திட்டினார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் கிட்டண்ணன் நெருப்பு மூட்டினால், லயத்து வாசலில் நின்றே கேட்கிறார்கள், "சாவா, சிக்காகோவா?" சிக்காகோ என்றால் பாயை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

எனக்குப் பண்டாரவளையில் வேலை கிடைத்துவிட்டது. மழை பிடித்தால் போன் அடிக்கும். "தங்கச்சி, தோல் தொங்கிருச்சு. வாறியா?" கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். அவன் தொப்பி வாங்கிய கடையிலிருந்தே கதையை ஆரம்பிக்கட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.