ஒட்டுப் போட்டது ஆகாது

பிளாட்டர் நின்றுவிட்டது. குழந்தைகள் பனியனுக்கான கட்டிங் வரைபடத்தைத் தாளில் வரைந்து தள்ளும், கட்டிங் ஹாலில் இருக்கும் அந்த மெஷின், முதல் தாளோடு சரி. கம்ப்யூட்டர் திரையில் 'பிளாட்டர் தெரியவில்லை' என்று வந்தது. அதன் கீழேயே, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இரண்டு அப்டேட் காத்திருப்பதாக இன்னொரு அறிவிப்பு.

'அட, இதுதான் காரணம்!' என்று ஜெயபாண்டி முடிவே கட்டிவிட்டான். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. அருப்புக்கோட்டையிலிருந்து நெருப்பெரிச்சலுக்கு வந்து, இதே பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் அயர்ன் டேபிளில் வெந்தவன். முதலாளியின் போனை ஒருநாள் சரிசெய்து கொடுத்ததில் ஏசி ரூமில் நாற்காலி கிடைத்தது. அவன் மனைவி நதியா, 'சிஸ்டம் இன்சார்ஜ்' என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

கட்டிங்கில் துணி விரிக்கும் கருப்பாத்தாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "கண்ணு, அந்த மொதத் தாளுல கழுத்து..."

"அக்கா, நானே டென்ஷன்ல இருக்கேன். கழுத்தறுக்காதீங்க!"

அவள் போக, முதலாளி மகுடேஸ்வரன் வந்தார். "ஏனப்பா, சாயங்காலம் கட்டிங் ஆரம்பிக்கோணும். என்னாச்சு?"

"ரெண்டு அப்டேட் இருக்கு முதலாளி. எட்டு புள்ளி நாலு புள்ளி ரெண்டு, அது சின்னது. இருக்கிற ஓட்டைய மட்டும் ஒட்டுப் போடும். எட்டு புள்ளி அஞ்சு பெருசு. புது வசதியெல்லாம் வரும், ஆனா எடக்கும் பண்ணும். நமக்குச் சின்னதே போதும்."

மகுடேஸ்வரன் முகம் சுளித்தார். "ஒட்டுப் போட்டதா? முப்பது வருசத்துல ஒட்டுப் போட்ட பீஸ் ஒண்ணைக்கூட நான் பெட்டிக்குள்ள வெச்சதில்லீப்பா. பெருசையே போடு."

"இது பனியன் இல்லையே முதலாளி..."

"எதா இருந்தா என்னப்பா? தரம் தரந்தான்."

எட்டு புள்ளி ஐந்து ஏறியது. பிளாட்டர் அசையவில்லை. போதாக்குறைக்கு, வரைபடம் போடும் சாஃப்ட்வேரும் திறக்க மறுத்தது. கட்டிங்கில் நாற்பது பேர் டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் டீ குடித்தார்கள்.

முதலாளி மறுபடி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள ஓடலீன்னா, நாளைக்கு அயர்ன் டேபிளுக்கே போயிருப்பா."

ஜெயபாண்டி தன் நண்பன் மாதவனுக்குப் போன் போட்டான். "பெருசை எவன்டா போடச் சொன்னது?" என்று அவன் கத்தினான். "எடுத்துட்டுச் சின்னதைப் போடு!"

பெரியதைக் கழற்றவே நாலு மணி ஆகிவிட்டது. நடுவில் கருப்பாத்தாள் இன்னொரு தரம் வந்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தான். சின்னது ஏறியதும் சாஃப்ட்வேர் திறந்தது. பிளாட்டர்? 'தெரியவில்லை.' காலையில் எங்கே இருந்தானோ அங்கேயே வந்து நின்றான். நதியாவிடம் என்னவென்று சொல்வது? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கெடு முடிந்ததென்று முதலாளி உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மகள் தேஜஸ்ரீ மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஆர்டர் பார்ப்பதெல்லாம் அவள்தான்.

"அப்பா, கட்டிங் ஆரம்பிச்சாச்சுங்களா?"

"இல்லீம்மா. ஏன்?"

"நல்லவேளைங்கப்பா! கழுத்தளவை நான் தப்பாக் குடுத்துட்டேன். வெட்டியிருந்தா எட்டாயிரம் பீஸும் குப்பைக்குத்தான்."

மகுடேஸ்வரன் ஜெயபாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ற சாமி! நீ அப்டேட் போட்டு நிறுத்தி வெச்சதாலதான் தப்பிச்சோம். இனி ஒவ்வொரு ஆர்டருக்கும் மின்னாடி ஒரு அப்டேட் போட்டுருப்பா!"

"எல்லாம் ஒரு கணக்குத்தான் முதலாளி" என்றான் ஜெயபாண்டி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்பாவும் மகளும் போனதும் கருப்பாத்தாள் மெல்ல உள்ளே வந்தாள். மடியிலிருந்து ஒரு கறுப்பு வயரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கழுத்துல கொழந்தை தல நொழையாதுன்னு காலைலயே கட்டிங் மாஸ்டருகிட்டச் சொன்னேன், காதுலயே போட்டுக்கல, அதான் மெஷின்ல இருந்து இதைப் புடுங்கி வெச்சுக்கிட்டேன்... இப்பச் சொருகிக்கலாமா கண்ணு?"