மூடினாலும் தூங்காத லேப்டாப்

இந்த வருஷம் ஒரு வெங்காயம்கூட உரிப்பதில்லை என்று ஜாபஸ் முடிவெடுத்துவிட்டான்.

மாமனார் ஊரான மல்லாங்கிணற்றில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அசனம். ஊருக்கே சாப்பாடு. அதற்கு முந்தின நாள் மருமகன்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பது அந்த வீட்டு வழக்கம். சாவு விழுந்த துட்டி வீட்டில்கூட அழாத ஜாபஸ், போன வருஷம் அங்கே தேம்பித் தேம்பி அழுதான். இந்தச் சனிக்கிழமை கிரிக்கெட் இறுதி ஆட்டம் வேறு.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது அவன் வேலை. லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதை வைத்தே தப்பிக்கத் திட்டம் போட்டான். அன்று காலையில் மனைவி எவாஞ்சலின் குளிக்கப் போன நேரம் பார்த்து செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தான். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற வரியில் இருந்த 'சஸ்பெண்ட்'டை அழித்து 'இக்னோர்' என்று அடித்தான். அதாவது, கண்டுகொள்ளாதே. மாமனாரிடம் சொல்ல முடியாததை மெஷினிடமாவது சொன்னதில் அவனுக்குப் பரம திருப்தி.

எவாஞ்சலின் ஆஸ்பத்திரி நர்ஸ். பையோடு வந்து நின்றாள்.

"கெளம்பலையா?"

"எங்க கெளம்ப? திங்கக்கெழம லேபிள் குடுக்கணும், லேப்டாப் சீக்காக் கெடக்கு. மூடுனா சஸ்பெண்ட் ஆக மாட்டேங்குது."

"எங்க ஆஸ்பத்திரில சஸ்பெண்ட் ஆயிருவோமோன்னு அழுவாக. நீங்க ஆகலன்னு அழுறீக."

"சஸ்பெண்ட்னா தூக்கம், புள்ள. மூடுன பெறகும் முழிச்சுக்கிட்டே கெடக்கு. பேட்டரி அம்புட்டும் காலி!"

மூடிக் காட்டினான். உள்ளே விசிறி உர்ரென்று ஓடியது.

"அணைச்சுட்டுக் கொண்டாங்க."

"அணைச்சா, எதுனால முழிக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"அப்ப முழிச்சாப்லயே பையில வைங்க."

"பையில சூடாகுமே! பட்டாசு ஊர்ல சூட்டைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறச் சொல்றியா? நீ போ. நான் இங்கன இருந்து வைத்தியம் பாக்கேன்."

இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? ஜாபஸ் மனசுக்குள் டி.வி.யைப் போட்டுவிட்டான்.

எவாஞ்சலின் பையைக் கீழே வைத்தாள். முகத்தில் அத்தனை இரக்கம்.

"பாவம், தனியாக் கெடந்து மல்லாடாதீக. எந்தம்பி யோபு வாழையிலை ஏத்த வேன்ல வந்திருக்கான். லினக்ஸ் அவனுக்கு அத்துபடி. எந்த வரியில எவன் கை வச்சான்னு பாத்தவொடனே சொல்லிருவான். அப்பாகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தெருமுக்குலதான் நிக்கான். கூட்டிட்டு வாரேன்."

அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஜாபஸ் லேப்டாப் மேல் பாய்ந்தான். பதற்றத்தில் பாஸ்வேர்டை இரண்டு தரம் தப்பாக அடித்தான். 'இக்னோர்' போனது. 'சஸ்பெண்ட்' வந்தது. மூடினான். விசிறி நின்றது. லேப்டாப் பால் குடித்த பிள்ளை மாதிரி தூங்கிப்போனது.

திரும்பினால், வாசலில் எவாஞ்சலின். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"தூங்கிருச்சா?"

"ஆ... ஆமா. தானாச் சரியாப் போச்சு. யோபுவைக் கூப்பிடாத!"

"எம்புட்டுக் கைராசி உங்களுக்கு! பையில வைங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் விருதுநகரைத் தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"ஏ, வேனையே காணோமே? யோபு எங்க லினக்ஸ் படிச்சான்?"

"அவனா? அவன் நேத்தே ஊருக்குப் போயிட்டான். எங்க வீட்டு ஜன்னலத் தவிர அவனுக்கு வேற விண்டோஸே தெரியாது. ஆஸ்பத்திரில ஊசியைக் காட்டுனதுமே எத்தன பேருக்குக் காய்ச்சல் போயிருக்கு!"

ஜாபஸுக்குக் கண் கலங்கியது. அவள் கைக்குட்டையை நீட்டினாள்.

"இப்பவே அழுதுறாதீக. வெங்காயம் இனிமேத்தான்."