தராசு பொய் சொல்லாது

"அசையாம நில்லு. மூச்ச வேணா அப்புறமா விட்டுக்கோ."

பதின்மூன்று வயது மகள் மூச்சை அடக்கிக்கொண்டு தராசின் மேல் நின்றாள். அப்பா கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து முள்ளைப் பார்த்தார்.

"அறுபது! போன வாரம் அம்பத்தொன்பதரை. எங்கேருந்து வந்துச்சு இந்த அரைக் கிலோ?"

"எனக்கென்ன தெரியும்? வானத்துலேருந்து விழுந்திருக்கும்."

"வாய் மட்டும் இளைக்கவே இல்ல," என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பது அப்பாவின் தொழில். ஒரு கிராம் பிசகினாலும் அன்றைக்குத் தூக்கம் வராது என்பதால் கடைவீதியில் அவருக்குப் பெயரே கிராம். தராசு பொய் சொல்லாது, மனுஷன்தான் பொய் சொல்வான் என்று அவர் தினம் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஆறு வாரத்துக்கு முன்னால் மகளின் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறு புள்ளி ஒன்று என்று வந்தது. டாக்டரம்மா பதறவில்லை.

"இது இன்னும் சர்க்கரை நோய் இல்ல. வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்குது, அவ்வளவுதான். உள்ள விடாம அனுப்பிடலாம். வீட்ல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. கலர் தண்ணி வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் ஓடியாடணும், நல்லாத் தூங்கணும். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். முக்கியமா, திட்டாதீங்க. எடை எடைன்னு பிள்ளைய அரிச்சு எடுக்காதீங்க."

கடைசி வாக்கியத்தில் எடை என்ற ஒன்றை மட்டும் கிராம் பத்திரமாக எடுத்துக்கொண்டார். மறுநாளே பட்டறையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த மேடைத் தராசு வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது.

முத்திரை குத்திய எடைக்கற்கள் பட்டறையைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதனால் என்ன? தினம் காலையில் அவரே தராசில் ஏறி நிற்பார். முள் எழுபத்தெட்டுக்கு வரும்வரை பக்கத்துத் திருகை முடுக்குவார்.

"பழைய ஸ்பிரிங். தினம் கொஞ்சம் இறுகிப் போகுது," என்பார்.

"எழுபத்தெட்டுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு எழுபத்தெட்டு. நீ பொறந்தன்னிக்கு எழுபத்தெட்டு. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு முந்தின நாள் பட்டறையில பாத்தேன், எழுபத்தெட்டு. போதுமா?"

"வீட்ல அது ஒண்ணாவது நிலையா இருக்கே," என்றாள் அம்மா.

கலர் தண்ணியை நிறுத்தியாகிவிட்டது. எடை ஏறியது. பிஸ்கட் டப்பாவைக் காலையும் மாலையும் நிறுத்துச் சுவரில் எழுதி வைத்தார். டப்பாவில் ஒரு துணுக்கு குறையவில்லை. மகளின் எடை மட்டும் ஏறியது.

அப்புறம் மாலை நடை. மகள் தனியாகப் போனால் வழியில் பேக்கரிக்குள் நுழைந்துவிடுவாள் என்ற சந்தேகத்தில் அவரும் கூடவே போனார். நாற்பது நிமிடத்தில் ஆரம்பித்தது, எடை ஏற ஏற ஒன்றரை மணி நேரமாக வளர்ந்தது. மகள் ஸ்கிப்பிங் கயிற்றைச் சுற்றிக்கொண்டே முன்னால் ஓடுவாள். துப்பறியும் அப்பா இரைக்க இரைக்கப் பின்னால் போவார்.

ஒரே சாப்பாடு என்ற விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டறையில் நாளைக்கு ஐந்து டீ, டீக்கு மூன்று கரண்டிச் சர்க்கரை, கூட ஒரு பன் என்று இருந்தவர் அத்தனையையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். மகளுக்குக் காயும் முட்டையும் என்றால் அவருக்கும் அதே. தட்டை நிறுத்துத்தான் வைப்பார்.

"கவலையிலேயே பாதியா இளைச்சிட்டீங்க," என்றாள் அம்மா.

"கவலைக்கு ஏது எடை?" என்றபடி அவர் பெல்ட்டில் ஆணி வைத்து இன்னொரு ஓட்டை போட்டார். "தோலு இழுபட்டுப் போச்சு. இப்பல்லாம் எவன் ஒழுங்கான தோல் போடறான்!"

எட்டாவது வாரம் அம்மாவையும் ஏற்றிப் பார்த்தார். ஐந்து கிலோ கூட.

"நானா! கண்ணாடியில பாருங்க, ஜாக்கெட் தொளதொளன்னு தொங்குது."

"கண்ணாடிக்கு முத்திரை கிடையாது."

அன்று அவருக்குச் சாப்பாடு கிடைக்க ஒன்பதரை ஆனது. சட்டினி அரைக்கும் சத்தத்தில் கோபம் நன்றாகவே கேட்டது. மறுநாள் பேச்சுக்கொடுக்க வந்த மாடி வீட்டம்மா விளையாட்டாக ஏறி நின்றாள். ஈர்க்குச்சி மாதிரி இருப்பவள். முள்ளைப் பார்த்தவள் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை.

பன்னிரண்டாவது வாரம் மகள் அறுபத்து மூன்று. கிராம் அவள் பள்ளிக்கூடப் பையைக் கொட்டினார். ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தார். அழிரப்பரை முகர்ந்தார்.

"உண்மையச் சொல்லு. யாரு வாங்கித் தர்றா?"

"யாரும் தரல."

"அப்ப ஒளிச்சு வெச்சுத் திங்கறியா?"

மகள் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் கிண்டலடித்தே தப்பித்தவளுக்கு அன்று கிண்டல் வரவில்லை.

"சத்தியமா எதுவும் திங்கலப்பா. பிறந்தநாளுக்கு ஃப்ரெண்டு கேக் குடுத்தா, அதக்கூடத் தொடல. நீங்க தராச நம்பறீங்க, என்னைத்தான் நம்பல."

அவருக்கு அவளை நம்பத்தான் ஆசை. ஆனால் அவள் சொல்வது நிஜமென்றால் இவ்வளவு செய்தும் வியாதி ஏறுகிறது என்றாகிறது. அதைவிட அவள் திருட்டுத் தீனி தின்றால் தேவலை என்று இருந்தது. அவ்வளவு பயம். தராசுத் திருகை இன்னொரு முறை துடைத்து வைத்தார்.

மறுவாரம் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்து, முடிவுக்காகக் காத்திருக்கும்போது நர்ஸ் மகளை எடை பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு."

"தப்பு," என்று கிராம் எழுந்தார். "காலையில அறுபத்து மூணு."

"சார், இது போன மாசம்தான் வந்த மெஷின்."

"மெஷினுக்கு வயசு முக்கியமில்லம்மா. நகருங்க." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். அறுபத்தெட்டு என்று காட்டியது. வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்துக் கை நீட்டினார். "பாத்தீங்களா! முழுசா பத்துக் கிலோ அமுக்குது! இத வெச்சா பிள்ளைங்களுக்கு மருந்து குடுக்கறீங்க?"

சட்டைப் பையிலிருந்து திருப்புளி வெளியே வந்தது. மகள் முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டாள். அம்மா, இந்த ஆள் யாரென்றே தெரியாது என்பதுபோல் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தாள். அவர் மெஷினைக் கவிழ்த்து இரண்டு திருகைக் கழற்றியிருந்த நேரத்தில் டாக்டரம்மா காகிதத்தோடு வெளியே வந்தார்.

"அஞ்சு புள்ளி அஞ்சு! வாசல்ல நின்ன ஆளு செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிட்டாரு. சபாஷ்டி பாப்பா!"

அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தரையில் உட்கார்ந்தபடியே கிராமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"சர்க்கரை குறைஞ்சது சரி டாக்டரம்மா. எடை எப்படி ஏறும்? தராசு பொய் சொல்லாது. அப்ப இவதான..."

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரு நிமிஷம் சார்," என்று நர்ஸ் குறுக்கிட்டாள். "வீட்டுத் தராச எத வெச்சு சரி பாக்கறீங்க?"

"என்னை வெச்சுத்தான்! தினம் காலையில ஏறி நின்னு எழுபத்தெட்டுக்குத் திருகி வெச்சிடுவேன். முத்திரைக் கல்லு மாதிரி." பெருமையாக எழுந்து நின்றார். எழுந்ததும் பேன்ட் இறங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். புதிதாகப் போட்ட ஐந்து ஓட்டைகளையும், இடுப்பைச் சுற்றி முதுகுவரை போயிருந்த பெல்ட் நுனியையும் பார்த்தாள்.

"பொண்ணு மேல தப்பில்ல சார்," என்றாள். "எடைக்கல்லுதான் பத்துக் கிலோ தேஞ்சு போச்சு."