ஒலிம்பிக் அண்ணையின் கயிறு

கயிறிழுத்தலை ஒலிம்பிக்கிலிருந்து ஏன் தூக்கினார்கள்? எனக்கு இன்றுவரை தெரியாது. தேடிப் பார்த்தேன், இடத்துக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். ஆனால் நோர்வேயில், பியோர்ண்டாலில் எங்கள் தொடர்மாடியில் குடியிருந்த ஒலிம்பிக் அண்ணைக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. மனித குலத்துக்கு நடந்த அநியாயங்களிலேயே பெரியது அதுதான். போர், பஞ்சம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நூறு வருசத்துக்கு முந்தி அது ஒலிம்பிக் விளையாட்டு, பிள்ளை. இங்கிலாந்துப் பொலிஸ்காரர் பாரச் சப்பாத்தோட வந்து இழுத்தவங்கள். அமெரிக்காக்காரர் சப்பாத்தைப் பாத்துக் கோவிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இண்டைக்கும் அந்தப் போட்டி இருந்தால் தங்கப் பதக்கம் ஆருக்கு?"

"ஆருக்கண்ணை?"

"எங்களுக்குத்தான்! தேர்வடம் இழுத்த சனம் வேற எங்கை கிடக்கு?"

அவர் பஸ் சாரதி. சொந்தப் பெயர் தபாற்பெட்டியில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை. சுரங்க ரயிலில் ஒருநாளும் கம்பியைப் பிடிக்க மாட்டார். ரயில் நிற்கும்போது குதிக்காலை ஊன்றிப் பின்பக்கம் சாய்வார். அதுதான் பயிற்சியாம். அப்படிச் சாய்ந்து யாரோ ஒரு நோர்வேக்கார அம்மாவின் மடியில் போய் இருந்த நாளும் உண்டு. சனிக்கிழமைகளில் குறொன்லாண்ட் தமிழ்க்கடை வாசலில் நின்று அரிசி மூட்டை தூக்குபவர்களைக் கவனிப்பார். யாராவது ஒற்றைக் கையால் தூக்கினால் போதும், பக்கத்தில் போய்விடுவார். "தம்பி, பியோர்ண்டாலுக்கு வீடு மாறுற யோசனை ஒண்டும் இல்லையோ?"

காரணம், எங்கள் கோடை விழா. எங்கள் தொடர்மாடியும் எதிர்த் தொடர்மாடியும் கயிறிழுக்கும். வருடா வருடம் நாங்கள் தோற்போம்.

அந்த வருடம் என் ஏழு வயது மகள், எதிர்த் தொடர்மாடியில் இருக்கும் தோழி இங்ரிட்டிடம், "என்ர அம்மாவை ஒருத்தராலும் அசைக்கேலாது" என்று சவால் விட்டுவிட்டு வந்து நின்றாள். நானோ ஊறுகாய்ப் போத்தலைக்கூடக் கணவரிடம் கொடுத்துத் திறக்கிறவள். பொய் சொல்லாதே என்று கண்டிப்பதா, பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுவதா? எதையும் தீர்மானிக்க முடியாமல் அண்ணையிடம் போனேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர்தான் கயித்தில கடைசி ஆள்."

"அண்ணை, அது பாரமான ஆள் நிக்கிற இடமெல்லோ?"

"பாரமானவன் களைச்சால் விட்டிடுவான். பயந்தவள் விடமாட்டாள். றோட்டில பிள்ளையின்ர கையை நீர் பிடிக்கிற பிடியைப் பாத்தனான். பாவம், அது நீலம் பாரிச்சுப் போச்சு."

வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் நின்ற பேர்ச் மரத்தில் கயிற்றைக் கட்டிப் பயிற்சி தொடங்கியது. ஜூன் வெயிலில் எங்கள் எல்லோருக்கும் பனிச்சப்பாத்து. அந்தப் பொலிஸ்காரர் நினைவாக. அண்ணை "அரோகரா!" என்றால் இழுக்க வேண்டும். அவர் மணி அடித்தால் கயிற்றை விட்டுக் கைகூப்ப வேண்டும், தேர் நின்று பூசை நடக்கும்போது செய்வதைப்போல. அதுதான் ஓய்வு.

கீழ்மாடி சேவியர் அண்ணைக்கு மட்டும் சந்தேகம். "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். நான் என்ன செய்யிறது?"

"நீ முழங்கால்ல இரு. கோயில்ல மணிக்கு அதைத்தானே செய்யிறனீங்கள்?"

விழா நாள் வந்தது. "அரோகரா!" எதிரணி நகர்ந்தது. இன்னொரு "அரோகரா!" கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அண்ணையின் முகத்தில் தங்கப் பதக்கம் மின்னியது. அந்த நேரம் பார்த்து, சொசேஜ் வெந்துவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று அடுப்பருகே நின்ற யாரோ மணியை அடித்தார்கள்.

எங்கள் அணி கயிற்றை விட்டுக் கைகூப்பியது. சேவியர் அண்ணை முழங்காலில் இருந்தார்.

நான் மட்டும் விடவில்லை. மணி எனக்கும் கேட்டது. ஆனால் இது அண்ணையின் மணியா, வேறு மணியா? நான் விட்டால் யாருக்கும் அடிபடுமா? முன்னுக்கு நிற்பவர்களைக் கேட்டுவிட்டு விடுவதா? முடிவெடுப்பதற்குள் புல்லின்மேல் வயிற்றால் சறுக்கி, சேவியர் அண்ணையைக் கடந்து, ஒரு பனிச்சப்பாத்தை வழியில் தொலைத்து, மல்லாந்து கிடந்த எதிரணியின் காலடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

தலையை நிமிர்த்தி மகளைத் தேடினேன். அவள் துள்ளிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் விட்டிட்டினம், அம்மா விடேல்லை!"

"ஆனால் அசைந்தாரே," என்றாள் இங்ரிட் நோர்வே மொழியில், நியாயமாக.

"அசைஞ்சவாதான். விட்டவாவோ?"

இங்ரிட் சொசேஜ் எடுக்கப் போனாள்.

ஒலிம்பிக் அண்ணை வந்து குந்தினார். கயிற்றிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"மணிக்கு விடச் சொன்னனான் எல்லோ? ஏன் விடேல்லை?"

"பயமாயிருந்தது அண்ணை."

"அதைத்தானே நானும் சொன்னனான்," என்று எழும்பி, மணி அடித்தவரைத் தேடிக்கொண்டு போனார்.

இப்போது அவர் துரொண்ட்ஹெய்மில் மகன் வீட்டில் இருக்கிறார். முழங்கால் சத்திரசிகிச்சை. கயிற்றை எந்தப் பலசாலியிடமும் ஒப்படைக்கவில்லை. என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

வாசகர்களே, சணல் கயிறு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நிலக்கீழ் அறையில் ஈரம். வெயிலில் போட்டால் நார் வெடித்துவிடுமோ என்று பயம். இப்போதைக்கு எங்கள் சோபாவின் பின்னால் கிடக்கிறது. மகள் அதற்குப் போர்வை போர்த்தியிருக்கிறாள். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அண்ணை திரும்பி வந்தால், என்னைச் சுகம் கேட்பதற்கு முன் கயிற்றைத்தான் முகர்ந்து பார்ப்பார்.