நெஞ்சில் கேமரா, வயிற்றில் பெல்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் நலம்தான், டாக்டரே சொல்லிவிட்டார். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நீ போனை எடுத்தால் உன் மனைவியின் காதும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான்.

விஷயம் கோட்டில் ஆரம்பித்தது. நம் சம்பந்தி உடற்பயிற்சி ஆசிரியர், ஆள் அளவுகோல் மாதிரி நிமிர்ந்து நிற்பார் என்பது உனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு இரண்டு அப்பாக்களும் ஒரே மாதிரி கோட் போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட, "எனக்கும் உங்க அளவுதான்" என்று நானும் வாய் கூசாமல் சொல்லித் தொலைத்தேன். கோட் வந்தது. பொத்தான் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம், நடுவில் நான். கடைக்குப் போய் வயிறு இறுக்கும் பெல்ட் ஒன்று வாங்கி வந்து, கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூச்சை உள்ளே இழுத்து மாட்டினேன். இழுத்த மூச்சுக்கு வெளியே வர வழியில்லை. கண் இருட்டி, சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் சரிந்துவிட்டேன். உன் அண்ணி மாரடைப்பு என்றே முடிவுகட்டி அவசர எண்ணுக்குப் போன் செய்ய, ஆம்புலன்சுக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ரோந்து போய்க்கொண்டிருந்த பெண் போலீஸ் வந்துவிட்டார். கண் விழித்துப் பார்த்தால், அவர் நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேமரா, அதில் படம் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு. திரும்பி வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அந்த நிலையிலும் நான் தொப்பையை உள்ளே இழுக்கப் பார்த்தேன் என்றால் நம்புவாயா? "ஐயா, மூச்சை நல்லா விடுங்க" என்கிறார் அந்த அம்மா. "விட்டா வயிறு தெரியுமேம்மா" என்கிறேன் நான். ஆம்புலன்ஸ்காரர் கத்தரியோடு வந்து பனியனை வெட்டினார், பெல்ட்டைப் பார்த்தார், "ஆபரேஷன் ஏதாவது ஆச்சா சார்?" என்றார். "இல்லைங்க, கோட்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, உன் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு அவள் பார்த்த பார்வைக்கு மாரடைப்பே தேவலை. அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன. சர்க்கரை இருக்கா, மூலம் இருக்கா, வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேமராவுக்கு முன்னால் கேட்டால் மனிதன் என்ன செய்வான்? உயிர்ப் பயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வீடியோ எப்படியாவது கசிந்து சம்பந்தி கண்ணில் பட்டால்? இடுப்பு அளவிலேயே பொய் சொன்னவர் இன்னும் எதில் எல்லாம் சொன்னாரோ என்று நினைக்க மாட்டாரா? நம் பெண் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? எனக்குச் சோறு இறங்கவில்லை, தம்பி. பொறுக்க முடியாமல் காவல் நிலையத்துக்கே போனேன்.

அதே அம்மாதான் இருந்தார். "அந்த வீடியோவை அழிச்சிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். "அழிக்கிற அளவுக்கு அதுல என்னய்யா இருக்கு?" என்று சிரித்து, அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் போட்டுக் காட்டினார். நம் வீட்டுக் கதவு வருகிறது, உன் அண்ணி அலறுகிறாள், என் பாதம் வருகிறது. உடனே, அன்று அலறலில் என் காதில் விழாத அந்த அம்மாவின் குரல்: "மருத்துவ அவசரம். குற்றம் ஏதுமில்லை. பதிவை நிறுத்துகிறேன்." அவ்வளவுதான், இருட்டு.

"வைத்தியம் பாக்குற இடத்துல ஒருத்தர் உடம்பைப் படம் பிடிக்கலாமாய்யா? நான் சுவரைப் பாத்துத் திரும்பியில்ல நின்னேன்" என்றார். வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதேன். அத்தனை நிம்மதி. குற்றம் ஏதுமில்லை என்பதை உன் அண்ணி மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆக, மானம் தப்பியது. சம்பந்தி வீட்டில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. உனக்கும் வீட்டாருக்கும் சகல நலமும் உண்டாகட்டும் என்று வாயார வாழ்த்தும்,

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து ஒரு சேதி சொன்னாள். அன்று வேலையில் இருந்த அவளை அழைப்பதாக நினைத்து, இரு வீட்டாரும் இருக்கும் கல்யாண வாட்ஸ்அப் குழுவுக்கு உன் அண்ணி வீடியோ அழைப்பைத் தட்டி, போனை என்னைப் பார்த்தபடி டிவியில் சாய்த்து வைத்துவிட்டாளாம். பெல்ட், கத்தரி, மூலம் எல்லாமே நேரலை. முதலில் எடுத்தவனே நீதானாமே, பாவி! நான் வருத்தப்படுவேன் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களாம். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் சம்பந்தி இன்று அவளுக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினாள்: "ரெண்டு கோட்டையும் பிரிச்சுப் பெருசாக்கச் சொல்லிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லும்மா. நானும் அதே பெல்ட்டைத்தான் போட்டிருக்கேன்."